ஹைடு வீட்டு மருமகன்

தடுக்கி விழுந்தால் ஜான் என்று பெயர் வைத்த ஒருவன் மேல்தான் விழ வேண்டும் என்றிருந்த ஊர் ராவன்கோம்ப். வெறும் பெயரை வைத்துக்கொண்டு யாரையும் கூப்பிட முடியாது. அதனால் அவரவர் உழுத நிலத்தைப் பெயரோடு ஒட்டிவிட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் நீளமான உழவுசால்களை வைத்திருந்தவன் ஜான் ஃபர்லாங். மேட்டில் சில்லறை ஏக்கர்களோடு காலம் தள்ளியவன் ஜான் ஏக்கர்ஸ். மன்னர் வேல்ஸ் மலைகளில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த வருடங்களில் ஊரிலேயே பெரிய பெயரை வைத்திருந்தவர் ஜோர்டன் ஹைடு.

ஹைடு என்றால் எட்டு எருது பூட்டிய ஓர் ஏர் வருடம் முழுக்க உழுகிற அளவு நிலம். அதில் கால் பங்குக்கு யார்டு என்று பெயர். ஒரு யார்டு இருந்தால் ஒரு குடும்பம் யாரிடமும் கை நீட்டாமல் கஞ்சி குடிக்கலாம். ஜோர்டனின் தாத்தாவிடம் ஒரு ஹைடு முழுசாக இருந்தது. மகள்களைக் கட்டிக்கொடுத்தபோது அதில் ஒரு யார்டு போனது. செத்த பிறகு தன் ஆத்மாவுக்காக ஜெபிக்கச் சொல்லி மடத்துத் துறவிகளுக்கு ஒரு யார்டு எழுதி வைத்தார். அறுவடை நேரத்தில் விடாமல் மழை கொட்டிய ஒரு வருடம், அப்பா காலத்தில், இன்னொரு யார்டும் கைமாறியது. ஜோர்டனுக்கு வந்தது மிச்சமிருந்த ஒரு யார்டும், குறையாமல் வந்த அந்தப் பெயரும்தான்.

அவர் நடுத்தெருவில்தான் நடப்பார். எதிரே வண்டி வந்தால் வண்டிதான் ஒதுங்க வேண்டும். அந்த ஊர்ப் பேச்சில் மாட்டுத்தோலுக்கும் ஹைடு என்றுதான் பெயர் என்பதால், மணியக்காரர் ஆஸ்பர்ட்டுக்கு அவரைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது.

"என்ன ஜோர்டன், உம்ம ஹைடை எங்க காயப் போட்டிருக்கீரு? நேத்து மழையில சுருங்கிப் போச்சோ?"

ஜோர்டன் நடையை நிறுத்தமாட்டார். ஆனால் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இருப்பது ஹாவிஸ் என்ற ஒரே மகள். முழு யார்டு வைத்திருக்கும் ஒருவனுக்கு அவளைக் கொடுத்தால் இரண்டு யார்டு சேரும். பாதி ஹைடு. மீதியைப் பேரன்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கணக்குக்குப் பொருத்தமாக தர்ஸ்டன் இருந்தார். அவரிடம் ஒரு யார்டும், இரட்டைப் பிள்ளைகளாக வாரின், ஹாமோ என்று இரண்டு மகன்களும் இருந்தார்கள். ராவன்கோம்ப் வழக்கப்படி மகன்களுக்குள் நிலத்தைப் பிரிக்கக் கூடாது. மூத்தவனுக்கே முழுசும் போகும். மூத்தவன் வாரின் என்று தர்ஸ்டன் சொன்னார். கைகுலுக்கி, ஒரு பீப்பாய் பார்லி பீரைத் திறந்து, பேச்சை முடித்தார்கள். வாரினுக்கும் ஹாவிஸுக்கும் அதில் மகிழ்ச்சிதான். அவர்கள் ஏற்கெனவே வேலியோரத்தில் பேசி முடித்திருந்ததைத்தான் பெரியவர்கள் இப்போது பேசினார்கள்.

கோடை முடிவில் தர்ஸ்டன் கோதுமைப் போருக்குக் கூரை வேய ஏணியில் ஏறினார். ஏணி சறுக்கியது. மறுநாள் புதைத்தார்கள். அந்த வார முடிவில் ஹாமோ, தான்தான் மூத்தவன் என்றான்.

ஊர் நிலத்துக்கெல்லாம் மேல் உரிமை வைத்திருந்த பிரபுவின் பண்ணை வீட்டுக் கூடத்தில் வழக்கு மன்றம் கூடியது. பிரபுவின் காரியஸ்தர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் ஒரு பக்கமாக நின்றார்கள். தர்ஸ்டன் என்ன சொல்லியிருந்தார் என்று விசாரித்ததில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். யார் மேல் கோபமோ அவனை இளையவன் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. பெற்றவள் முன்பே இறந்துவிட்டதால், கடைசியில் பிரசவம் பார்த்த வைமார்க் கிழவியைக் கூட்டி வந்தார்கள்.

"எது முதல்ல வந்துச்சு?" என்று கேட்டார் காரியஸ்தர்.

"ஒண்ணு முதல்ல வந்துச்சு ஐயா. அது நிச்சயம்."

கூடமே சிரித்தது.

"எதுன்னு கேக்குறேன்."

"முதல்ல வந்ததுக்குக் கால்ல சிவப்பு நூல் கட்டினேன். மறந்துறக் கூடாதுன்னுதான் கட்டினேன். அப்புறம் குளிப்பாட்டணும்ல? அவுத்தேன். ஒண்ணு தொட்டியில கெடந்து கத்துது, ஒண்ணு மடியில கெடந்து கத்துது, அவங்க அம்மா வேற கத்துறா. திருப்பிக் கட்டினேன். அதே கால்லதான் கட்டினேனான்னு சத்தியம் பண்ணச் சொன்னீங்கன்னா, இந்த வயசுல நரகத்துக்குப் போக எனக்கு இஷ்டமில்ல."

பன்னிரண்டு பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். இதுவரை இந்த ஊரில் நடக்காததுதான், ஆனாலும் வேறு வழியில்லை, ஆளுக்குப் பாதி என்றார்கள். காரியஸ்தர் தலையாட்டினார். வாரின் திரும்பி ஹாவிஸ் நின்ற பக்கம் பார்த்தான்.

ஜோர்டன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "என் மகளை ஒரு யார்டுக்குப் பேசினேன். அரையார்டுக்குக் கிடையாது. கேட்டுக்கோ அரையார்டு! இனிமே என் வேலிப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது."

ஊர் அந்தச் சொல்லைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வாரினும் அரையார்டு, ஹாமோவும் அரையார்டு. அவர்கள் வாயில் அது ஹாஃப்யார்டு என்று ஒரே மூச்சில் வந்தது. கூப்பிடுவதற்கு வசதியாகவும் இருந்தது. வைத்தவர் யார் என்பதைக்கூட மறந்து கூப்பிட்டார்கள்.

அன்று வீட்டில் ஹாவிஸ் கஞ்சியை ஊற்றிவிட்டு எதிரே நின்றாள்.

"போன வாரம் அவரு முழு ஆளா இருந்தாரு. இப்ப எந்தப் பாதி குறைஞ்சு போச்சுப்பா?"

"நிலம் குறைஞ்சிருக்கு."

"நமக்குந்தான் முக்கால் பாகம் குறைஞ்சிருக்கு. நம்மளை யாரும் கால் ஹைடுன்னு கூப்பிடலையே."

ஜோர்டன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். சாப்பிடாமல் எழுந்து தொழுவத்துக்குப் போனார். அவள் சொன்னது உண்மை. அதனால் கோபம் இன்னும் கூடியது. அடுத்த மாதமே மேட்டுத்தெருவில் முழு யார்டு வைத்திருந்த, பெண்டாட்டியை இழந்த ஒருவனை அழைத்து வந்து உட்கார வைத்தார். ஹாவிஸ் அவனுக்கு மரியாதையாகப் பாலாடைக்கட்டி வைத்தாள். அவன் போனதும், "அவருக்கு ஏக்கர் இருக்கு, பல்லு இல்ல. கட்டியை முழுங்குறாரு பாருங்க," என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

சகோதரர்கள் ஒரே வீட்டை நடுவில் தட்டி கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். அடுப்பு யார் பக்கம் என்று தீராததால் ஆளுக்கொரு மூலையில் தனியாகத் தீ மூட்டி, இரண்டு பேரும் புகையில் இருமினார்கள். அப்பா விட்டுப்போன எருது ஒரு ஜோடி. செவலை வாரினுக்கு, மயிலை ஹாமோவுக்கு. இரண்டும் கன்றிலிருந்தே ஒரே நுகத்தில் நடந்தவை. பிரித்த பிறகு செவலை வேறு எந்த மாட்டோடும் சேர்ந்து இழுக்கவில்லை. மயிலை படுத்தால் எழவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு அரையார்டுகளும் பாதி நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள்.

மறுவருடம் அதே பருவத்தில் ஜோர்டனுக்கு அடி விழுந்தது. ஈரச் சரிவில் உழுதுகொண்டிருந்தபோது அவருடைய முன்னேர் எருது வழுக்கி ஓடைக்குள் விழுந்தது. நுகமும் கலப்பையும் அதோடு போக, கலப்பைக் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்த ஜோர்டனும் போனார். எருது கழுத்து முறிந்து செத்தது. ஜோர்டனுக்குத் தொடை எலும்பு. நாட்டு வைத்தியன் மரச் சிம்பு வைத்துக் கட்டி, வசந்தம் வரை அசையக் கூடாது என்றான்.

குளிர் தொடங்கும்போது வரும் சகல புனிதர் திருநாளுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். அதற்கு முன்னால் பிரபுவின் நிலத்தில் ஜோர்டன் தன் பங்கு உழவைச் செய்து கொடுக்க வேண்டும். தவறினால் மன்றத்தில் பதில் சொல்ல வேண்டும், அடுத்த தடவையும் தவறினால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஜோர்டன் படுக்கையிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்கலாம்தான். ஆனால் அவர் ஹைடு. கேட்டுப் பழக்கமில்லை.

ஒரு காலையில் வெளியே நுகத்தடி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. செவலையும் மயிலையும் ஒன்றாக நடந்துபோவதைக் கண்டார். மாடுகளுக்குப் பக்கத்தில் கோலோடு ஹாமோ. கலப்பைக்குப் பின்னால் வாரின். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மாடுகள் மட்டும் இழுத்துக்கொண்டு போன வேகத்தைப் பார்த்தால் திருவிழாவுக்குப் போவது போல இருந்தது.

மத்தியானம் இருவரும் முழங்கால் வரை சேற்றோடு உள்ளே வந்தார்கள். ஹாவிஸ் பீர் ஊற்றிக் கொடுத்தாள். ஹாமோ உட்காரவில்லை.

"உங்க மக எங்கிட்ட வந்து பேசினாங்க," என்றான் ஜோர்டனிடம். "உங்ககிட்ட சொல்லலைன்னு இப்பதான் தெரியுது."

"என்ன பேசினா?"

ஹாவிஸ் தானே சொன்னாள். "வாரின் நம்ம வீட்டோட வந்துடுவாரு. அவரோட பாதியை ஹாமோகிட்டயே விட்டுடுவாரு. ஹாமோவுக்கு முழு யார்டு. நமக்கு உழ ஆளு. மாடு ரெண்டும் ஒரே தொழுவத்துல நிக்கும், ரெண்டு வீட்டுக்கும் உழும். இதுல யாருக்கு என்ன நஷ்டம்னு சொல்லுங்கப்பா."

"படுத்துக் கெடக்கிறவனை ஏமாத்துறீங்க."

"படுத்துக் கெடந்தாத்தான் நீங்க காது கொடுக்கிறீங்க."

வாரின் குனிந்து தன் காலணிச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோர்டன் கட்டிலில் கையை ஊன்றித் தலையை உயர்த்தினார். கடைசியில் சொன்னார்: "ஒரு நிபந்தனை. இந்த வீட்டுக்குள்ள வர்றவன் ஹைடு. பொறக்கிற பிள்ளைங்களும் ஹைடு. அந்த இன்னொரு பேரு வாசலுக்கு வெளியவே நிக்கணும்."

"சரி மாமா," என்றான் வாரின். "எதுவா இருந்தா என்ன?"

அந்தக் கடைசி வார்த்தை ஜோர்டனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வலி அதிகமாக இருந்தது.

கோவில் வாசலில் கல்யாணம். ஜோர்டனைக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். பாதிரியார் இருவர் கையையும் சேர்த்துவிட்டு, வாரின் அரையார்டு என்று தொடங்கினார். "ஹைடு!" என்று கட்டிலிலிருந்து ஒரு கத்தல். பாதிரியார் திடுக்கிட்டுத் திருத்திச் சொன்னார். கூட்டத்தில் ஆஸ்பர்ட், "தோலை நல்லா இழுத்துப் போர்த்துறாருப்பா மருமகனுக்கு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஹாமோ கூட.

அதற்குப் பிறகு ஜோர்டனுக்குப் பெரிய வேலையே அதுதான் என்று ஆயிற்று. அரையார்டு என்று யார் சொன்னாலும் திருத்துவார். திருந்தாதவர்களோடு பேச்சை நிறுத்துவார். பாதி ஊரோடு பேச்சு நின்றுபோனது. பேரன் பிறந்தான், அடுத்து பேத்தியும் பிறந்தாள். ஓடையோரத்தில் விளையாடும் பிள்ளைகள் அவர்களையும் அரையார்டு என்றுதான் கூப்பிட்டார்கள். கால் ஒரு பக்கம் குட்டையாகிவிட்டிருந்த ஜோர்டன் கோலை ஊன்றிக்கொண்டு அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் வீட்டுக்கெல்லாம் போய்ச் சண்டை போட்டார்.

கடைசியில் மன்றத்துக்கே போனார். தன் மருமகனை அவனுடைய சரியான பெயரால் அழைக்கும்படி உத்தரவிட வேண்டும் என்று கேட்டார். காரியஸ்தருக்கு இது புதுசு. அவர் வாரினைக் கூப்பிட்டார்.

"உன் பேரு என்னப்பா?"

"வாரின் ஐயா."

"அது தெரியும். வாரின் என்ன?"

வாரின் மாமனாரைப் பார்த்தான். அவர் கழுத்தை நீட்டி உதடு அசையப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரினுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அது அவனுடைய குணம், அவ்வளவுதான், அதற்காக அவன் பெருமைப்பட்டதும் இல்லை.

"நான் ஹைடுன்னு ஒத்துக்கிட்டுத்தான் அந்த வீட்டுக்கு வந்தேன் ஐயா. ஆனா யாராவது ஹைடுன்னு கூப்பிட்டா மாமா வர்றாரோன்னு திரும்பிப் பார்க்கிறேன். அரையார்டுன்னு கூப்பிட்டா என்னன்னு கேக்குறேன்."

காரியஸ்தர் எழுத்தரைப் பார்த்து, "அரையார்டுன்னே போடு," என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஜோர்டன் மருமகனோடு பேசவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமானால் மகளிடம் கேட்பார், உப்பு வாரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், அவன் நகர்த்தி வைப்பான், அவர் எடுக்கமாட்டார். ஹாவிஸ் எழுந்து வந்து அதே உப்பைக் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் ஒருநாள், "எனக்கு மூணு பிள்ளைங்கன்னு வெளிய சொல்லிக்கலாம் போல," என்றாள். அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஊரில் காய்ச்சல் வந்தது. முதலில் வைமார்க் கிழவியை எடுத்துக்கொண்டு போனது. பிறகு மேட்டுத்தெருவில் சிலரை. ஹாமோ அடுத்த கிராமத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து முடிக்கிற நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நின்றுகொண்டிருந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாரின் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வீட்டில் கிடத்தி, அங்கேயே தங்கினான். புதன்கிழமை ஹாமோ செத்தான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லாததால் அந்த முழு யார்டும் வாரினுக்கு வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜோர்டன் கோலை ஊன்றிக்கொண்டு தர்ஸ்டனின் பழைய வீட்டுக்குப் போனார். மருமகனோடு பேசுவதற்கு இப்போது அவரிடம் விஷயம் இருந்தது. இரண்டு யார்டு. பாதி ஹைடு. அவர் கண்ணால் பார்ப்போம் என்று நினைக்காதது.

வாரின் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஜோர்டன் உள்ளே கால் வைத்து நின்றார். நடுவில் அந்தத் தட்டி அப்படியே இருந்தது. இத்தனை வருடமாக முழு வீட்டுக்கும் சொந்தக்காரனாக இருந்தும் ஹாமோ அதைப் பிரிக்கவே இல்லை. தன் பக்கத்தில் சாமான்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கடியில் வாழ்ந்திருக்கிறான். வாரின் பக்கம் காலியாக இருந்தது. அங்கே ஹாமோ புது வைக்கோல் பரப்பி வைத்திருந்தான். ஒரு முக்காலி, சுவரில் மாட்டிய பழைய கம்பளி. மூலையில் தீ மூட்டுவதற்கு விறகு வெட்டி அடுக்கியிருந்தது.

"உள்ள வாங்க மாமா," என்றான் வாரின் திரும்பாமலே. அவருடைய கோல் சத்தம் அவனுக்குத் தெரியும்.

ஜோர்டன் ஒன்று சொல்லத்தான் வந்திருந்தார். இனிமேலாவது ஹைடுன்னு சொல்லிக்கோடா, இப்ப உனக்கு அதுக்குத் தகுதி இருக்கு. அவர் அதைச் சொல்லவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லியா?" என்று கேட்டார்.

"மாட்டைப் பத்திப் பேசுவோம்."

"மாட்டைப் பத்தி மட்டுமா?"

"வேற என்ன பேசணும்னு தெரியல மாமா," என்றான் வாரின். அப்புறம் அழுதான். ஜோர்டன் கையை அவன் தோளில் வைக்கலாமா என்று யோசித்து, வைத்தார். அவன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நிலம் மாறும்போது வாரிசு நேரில் வந்து மன்றத்தில் நின்று பெயர் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் நிலம் பிரபுவுக்கு. மன்ற நாளன்று வாரின் பிதற்றிக்கொண்டு கிடந்தான். ஹாவிஸ் அவனை விட்டு நகர முடியாது. ஜோர்டன் காலையிலேயே கிளம்பினார்.

கூடம் பாதி காலியாக இருந்தது. காய்ச்சலுக்குப் பயந்து பலர் வரவில்லை. மணியக்காரர் ஆஸ்பர்ட்டுக்கும் வீட்டில் ஒரு சாவு. அவர் முன்பு மாதிரி இல்லை. ஜோர்டன் சுவரோரம் தனியாக நிற்பதைப் பார்த்தார். இந்த மனுஷனுக்கு இன்றைக்காவது ஒரு நல்லது செய்வோம் என்று நினைத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தி, மரியாதையாகவே கூப்பிட்டார்:

"தர்ஸ்டன் மகன் வாரின் ஹைடு!"

ஜோர்டன் கோலைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்படி யாரும் இல்ல," என்றார். "சரியாக் கூப்பிடு ஆஸ்பர்ட். வாரின் அரையார்டு. அவன் காய்ச்சல்ல கெடக்கான், அவனுக்காக நான் வந்திருக்கேன். செத்தவனும் அரையார்டுதான். அவனோட நிலம் அந்தப் பேருலதான் போகணும்."

காரியஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். "போன தடவை ஹைடுன்னு கூப்பிடச் சொல்லித்தானே நீர் வழக்குப் போட்டீரு?"

"ஆமா ஐயா."

"இப்ப மனசு மாறிடுச்சா?"

"அந்தப் பேரை வச்சது நான்தான்," என்றார் ஜோர்டன். "திட்டுறதுக்கு வச்சேன். அவங்க ரெண்டு பேரும் அதைச் சுமந்துட்டாங்க. இப்ப ஒருத்தன் போயிட்டான். மிச்சமிருக்கிறவன்கிட்ட இருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசில்ல."

யாரும் சிரிக்கவில்லை. காரியஸ்தர் சடங்குக் கோலை நீட்டினார். ஜோர்டன் அதன் நுனியை மருமகனுக்காகப் பிடித்தார். நிலம் கை மாறியது. வெளியே வரும்போது ஆஸ்பர்ட் கூடவே வாசல் வரை வந்தார்.

"கால் வலிக்குதா? வண்டியில கொண்டு விடவா?"

"நடந்துடுவேன்."

அவர் சேற்றில் மெதுவாகத்தான் வர முடிந்தது. ஹாவிஸ் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கிடக்கிறவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"வாங்கியாச்சு. கஞ்சி இருக்கா?"

வாரின் பிழைத்துக்கொண்டான். ஈஸ்டருக்கு அவனால் எழுந்து நிற்க முடிந்தது, புல் அறுப்புக்கு அரிவாள் பிடித்தான். மன்றத்தில் நடந்ததை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் அதைப் பற்றி மாமனாரிடம் எதுவும் கேட்கவில்லை. ஜோர்டன் அதன் பிறகு ஐந்தாறு அறுவடை பார்த்தார். ஊரோடு விட்டுப்போன பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொடங்கினார். சிலர் பேசினார்கள், சிலர் பேசவில்லை. அவரைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அவரோடு ராவன்கோம்பில் ஹைடு என்ற பெயர் முடிந்தது. அரையார்டுகள் பெருகினார்கள். அவர்களில் ஒருவன் பின்னால் துறைமுகப் பட்டணத்துக்குப் போய்க் கயிறு முறுக்கும் தொழில் கற்றுக்கொண்டான். ஒரு முழம் நிலம்கூட இல்லாத அவனையும், அவன் பிள்ளைகளையும், அங்கே எல்லோரும் அரையார்டு என்றே கூப்பிட்டார்கள்.